எழுபத்திரண்டு வினாடி

மார்ச் 3

அண்ணா,

நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் புகார் செய்தாயாம். எடுக்க மாட்டேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்லிவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

நடந்தது உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆதலால் முதலிலிருந்தே எழுதுகிறேன். எங்கள் பார்சல் பிரிக்கும் மையத்தில் மூன்று மாதமாக பெல்ட் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாற்பது வினாடி நின்றுபோகிறது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. பெல்ட்டை ஓட்டும் புரோகிராமில் எந்தப் பகுதி எப்போது வேலை செய்கிறது என்று கண்காணிக்க, நீ எழுதி விற்கும் ப்ரொஃபைலரை வாங்கிப் பொருத்தினார்கள். போன திங்கட்கிழமை எல்லோரையும் கூட்ட அறைக்குக் கூப்பிட்டு உன் ரிப்போர்ட்டைச் சுவரில் காட்டினார்கள். பெல்ட் நின்ற நேரத்துக்கு நேராகப் பட்டை போட்டது போல ஒரு சிவப்புக் கோடு. அதன்மேல் 'லேபிள் படிக்கும் பகுதி' என்று எழுதியிருந்தது. அந்தப் பகுதியை எழுதியது யார் என்று அந்த அறையில் நாற்காலிகளுக்குக்கூடத் தெரியும்.

நான் எழுந்து, "சார், ஒரு நாள் டைம் குடுங்க, நான் பாத்துடறேன்" என்றேன். மேலாளர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். உன் கையெழுத்து. "உங்க அண்ணனே சொல்லிட்டாரும்மா. இதுக்கு மேல என்ன பாக்கப் போறீங்க?" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது என்னைப் புகார் கவுன்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். பார்சல் வந்து சேராதவர்கள் வந்து திட்டுவார்கள், நான் வாங்கிக்கொள்ள வேண்டும். என் இடம் எனக்குத் திரும்பக் கிடைக்குமா, இல்லை வீட்டுக்கு அனுப்புவார்களா என்பதை 31ஆம் தேதி முடிவு செய்வார்களாம். எட்டு வருஷம் வேலை செய்த இடம் இது.

ஒரே ஒரு கேள்வி. ரிப்போர்ட்டில் என் பகுதி வந்ததைப் பார்த்ததும் இன்னொரு தடவை சரிபார்த்தாயா?

உன் தங்கை


மார்ச் 7

தங்கச்சிக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் ஒன்று புரிந்துகொள். ரிப்போர்ட்டில் அண்ணன், தங்கை என்று எதுவும் கிடையாது. உன் பெயரை மறைத்திருந்தால்தான் தப்பு.

சரிபார்த்தேனா என்று கேட்கிறாய். சரிபார்க்க அதில் என்ன இருக்கிறது? என் புரோகிராம் ஒரு வினாடிக்கு ஆயிரம் தடவை உள்ளே எட்டிப் பார்க்கும். இந்தக் கணத்தில் எந்தப் பகுதி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். கூடவே நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாம்பிள். பெல்ட் நின்ற நேரத்துக்கு எதிரே எந்தச் சாம்பிள் இருக்கிறதோ அதுதான் பதில். அங்கே உன் பகுதிதான் இருந்தது. வேறு யாரையும் காணோம்.

முதலில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் முழு நேரத்தையும் எட்டு பைட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். நாலு மணி நேரத்தில் ஒரு கோடியே நாற்பத்து நாலு லட்சம் சாம்பிள். நேரத்துக்கு மட்டும் பதினொன்றரைக் கோடி பைட். உங்கள் பெல்ட்டின் சின்ன கம்ப்யூட்டர் மூச்சுத் திணறிவிட்டது. எதை அளக்கப் போனோமோ அதையே நம் அளவுகோல் மந்தமாக்கினால் என்ன பிரயோஜனம்? அதனால் முழு நேரத்தை விட்டுவிட்டு, முந்தைய சாம்பிளுக்கும் இதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும் எழுதுகிறேன். ஒரு மில்லிவினாடியை நூறாகப் பிரித்து, அதில் எத்தனை என்று. ஒரே பைட்டில் அடங்கிவிடும். எட்டில் ஒரு பங்கு இடம். இதைச் செய்த அன்று நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். உன் அண்ணியிடமும் காட்டினேன். அவள் "ம்ம்" என்றாள்.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ சின்ன வயசிலிருந்தே அவசரக்குடுக்கை. ஹால் டிக்கெட்டை மேஜையில் விட்டுவிட்டுப் பரீட்சைக்கு ஓடியவள். அப்பா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். புரோகிராமிலும் அப்படி ஏதாவது விட்டிருப்பாய். நிதானமாக உட்கார்ந்து தேடு, கிடைக்கும். கிடைத்ததும் மேலாளரிடம் போய்ச் சொன்னால் மன்னித்துவிடுவார். அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள்.

அண்ணன்


மார்ச் 12

அண்ணா,

ஹால் டிக்கெட் விஷயம் நடந்தபோது எனக்குப் பதினாறு வயசு. இப்போது முப்பத்து நாலு. நடுவில் பதினெட்டு வருஷம் நான் எதையும் எங்கேயும் விட்டுவிட்டு ஓடவில்லை. ஆனால் நம் வீட்டில் அந்த ஹால் டிக்கெட் இன்னும் மேஜை மேலேயே கிடக்கிறது.

கவுன்டரைப் பற்றி எழுதுகிறேன், பொறுமையாகப் படி. இங்கே ஒரு படிவம் உண்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அதில் ஒரு கட்டம்: 'முந்தைய நபருக்குப் பின் எத்தனை நிமிடம்.' கூட்டம் எப்போது அதிகம் என்று பார்ப்பதற்காம். வந்த நேரத்தையே எழுதினால் என்ன என்று பக்கத்து கவுன்டர் அக்காவிடம் கேட்டேன். "கட்டம் சின்னதா இருக்குல்ல. ரெண்டு எழுத்துதான் புடிக்கும்" என்றார். முழு நிமிடம் மட்டும்தான் எழுத வேண்டும். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி என்றால் மூன்று.

நேற்றுக் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். அறுபத்திரண்டு பேர். கடைசி ஆள் சரியாக ஒரு மணிக்கு வந்து, உடைந்த கண்ணாடிச் சட்டத்தை என் முகத்துக்கு நேராக ஆட்டிவிட்டுப் போனார். நாலு மணி நேரம் என்றால் இருநூற்று நாற்பது நிமிடம். படிவத்தில் உள்ள எல்லா நிமிடங்களையும் கூட்டிப் பார்த்தேன். இருநூற்று ஒன்பது.

முப்பத்தோரு நிமிடத்தைக் காணோம். நான் எங்கேயும் எழுந்து போகவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் கொஞ்சம் வினாடியை விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அறுபத்திரண்டு பேருக்கே அரை மணி நேரம் போய்விட்டது. உனக்கு ஒன்றரைக் கோடி பேர்.

நீயும் இடைவெளியைத்தான் எழுதுகிறாய். மிச்சத்தை வெட்டிவிட்டு எழுதுகிறாயா? நாலு மணி நேரம் ஓடவிட்டு, எல்லா இடைவெளியையும் கூட்டி, சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார். வேறொன்றும் கேட்கவில்லை.

தங்கை


மார்ச் 14

தங்கச்சிக்கு,

நீ வெட்டுவது வினாடிகளை. நான் வெட்டுவது ஒரு மில்லிவினாடியின் நூறில் ஒரு பங்குக்கும் கீழே உள்ளதை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசாதே. ஒரு நிமிடம் ஓடவிட்டு எத்தனையோ தடவை சோதித்திருக்கிறேன், ஒரு வித்தியாசமும் கண்ணுக்குத் தெரிந்ததில்லை. சரி, உன் திருப்திக்காக ஓடவிடுகிறேன். பிறகாவது உன் பகுதியைப் போய்ப் பார்.

அண்ணன்


மார்ச் 16

தங்கச்சி,

முந்தாநாள் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு.

நேற்று நாலு மணி நேரம் ஓடவிட்டேன். கூட்டுத்தொகை எழுபத்திரண்டு வினாடி குறைகிறது. நம்பாமல் இன்று காலை மறுபடி ஓடவிட்டேன். அதே எழுபத்திரண்டு. சாம்பிளுக்குச் சராசரியாக ஒரு மில்லிவினாடியில் இருநூறில் ஒரு பங்குதான் போகிறது. ஒரு நிமிட ஓட்டத்தில் அது கால் வினாடி சொச்சம், எவன் பார்ப்பான்? சிறுதுளி பெருவெள்ளம் என்று பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதியவன் நான்.

அதற்கப்புறம் உங்கள் பதிவை எடுத்து விரித்து வைத்தேன். என்ன நடந்தது என்று நேராகவே சொல்கிறேன். பெல்ட் ஓடத் தொடங்கி நாலு மணி நேரத்தில் நின்றது. அந்த நேரம் பெல்ட்டின் சொந்தக் கடிகாரத்திலிருந்து வந்தது, அது சரி. என் பதிவின் நேரமோ அதற்குள் எழுபத்திரண்டு வினாடி பின்தங்கிவிட்டது. அப்படியானால் 'பெல்ட் நின்ற கணம்' என்று நான் திரையில் பார்த்தது, அது நின்று எழுபத்திரண்டு வினாடி கழித்து நடந்ததை. நாற்பதாவது வினாடியிலேயே பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அப்போது வாசலில் மலை மாதிரி குவிந்து கிடந்த பார்சல்களின் லேபிள்களை உன் பகுதி ஒவ்வொன்றாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

நிறுத்தியது பழைய பதிவுகளை அழிக்கும் பகுதி. வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தியது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நாற்பது வினாடி டிஸ்க்கை வேறு எந்தப் பகுதியும் தொட முடியாதபடி பிடித்து வைத்துக்கொள்கிறது. அதை நான் அன்றைக்கே பார்த்தேன். பெல்ட் நிற்பதற்கு அரை நிமிடம் முன்பே அது முடிந்துவிட்டதாக என் ரிப்போர்ட் காட்டியது. அதனால் விட்டுவிட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடித்திருக்கிறேன்.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். உங்கள் மையத்தைப் பார்த்து இன்னும் பதினைந்து மையங்கள் இதை வாங்குவதாக இருக்கின்றன. 28ஆம் தேதி முடிவு. இந்த நேரத்தில் 'என் புரோகிராம் நேரத்தைத் தப்பாக எழுதுகிறது' என்று நானே கடிதம் போட்டால் கதை முடிந்தது. நாலு பேர் வேலை செய்கிறார்கள் என்னிடம். 28 வரை பொறு. அடுத்த பதிப்பில் பழையபடி எட்டு பைட்டுக்கே போய்விடுகிறேன், கொஞ்சம் மந்தமானாலும் பரவாயில்லை. புதிய ரிப்போர்ட் தானாகவே சரியானதைக் காட்டும். சத்தமில்லாமல் முடிந்துவிடும். உனக்கும் உன் இடம் கிடைத்துவிடும்.

உன் அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை.

அண்ணன்


மார்ச் 19

அண்ணா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னையும் கூட்டுச் சேர்க்கிறாய். சத்தமில்லாமல் முடிப்பதாம். என்னை மாற்றும்போது சத்தமில்லாமலா மாற்றினார்கள்? எல்லார் முன்னாலும் சுவரில் சிவப்புக் கோடு போட்டுத்தான் மாற்றினார்கள். உன் புதிய பதிப்பு வந்து வேறு படம் காட்டினால், "அந்தம்மா நடுவுல வந்து சரி பண்ணிட்டாங்க போல" என்பார்கள். தப்பு அப்போதும் என்னுடையதாகத்தான் இருக்கும்.

உன் நாலு பேரைப் பற்றி எனக்கும் கவலைதான். பொய்யில்லை. அவர்களில் அந்தப் பொடியனின் கல்யாணத்துக்கு நானும் வந்தேன். ஆனால் பதினைந்து மையத்திலும் இதே புரோகிராம் ஓடினால் பதினைந்து பேர் கவுன்டரில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுத ஒரு அண்ணன் இருக்கமாட்டான்.

எட்டு பைட்டுக்குத் திரும்ப வேண்டாம். வேறு வழி இருக்கிறது. படிவத்தில் பாதி நாளில் கண்டுபிடித்தேன். என் கட்டத்தில் இரண்டு எழுத்துதான் பிடிக்கும், உன் கட்டத்தில் ஒரு பைட்தான் பிடிக்கும். கட்டத்தைப் பெரிசாக்கத் தேவையில்லை, கழிப்பதை மாற்றினால் போதும். ஒருவர் வந்ததும், ஒன்பது மணியிலிருந்து மொத்தம் எத்தனை முழு நிமிடம் ஆகியிருக்கிறது என்று பார்க்கிறேன். அதிலிருந்து, அதுவரை நான் படிவத்தில் எழுதியதன் கூட்டுத்தொகையைக் கழிக்கிறேன். மிச்சத்தை எழுதுகிறேன்.

முதல் ஆள் ஒன்பது மூன்று ஐம்பதுக்கு வருகிறார்: மூன்று என்று எழுதுகிறேன். அடுத்தவர் ஒன்பது ஏழு நாற்பதுக்கு வருகிறார். உன் வழியில் இடைவெளி மூன்று நிமிடம் ஐம்பது வினாடி, மறுபடி மூன்று என்று எழுதுவாய், மொத்தம் ஆறுதான் வரும். என் வழியில் ஏழில் மூன்று போக நாலு. முன்பு விட்ட வினாடிகள் அடுத்த ஆளோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. நேற்று எழுபத்தோரு பேர் வந்தார்கள், கடைசி ஆள் ஒரு மணிக்கு. கூட்டினால் இருநூற்று நாற்பது.

முந்தைய ஆள் வந்த நேரத்தைக் கழிக்காதே. நீ எழுதியதைக் கழி. கூடுதலாக ஒரே ஒரு எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

மேலாளருக்கு நீ எழுதுவாயா மாட்டாயா என்று அடுத்த கடிதத்தில் சொல். எழுதாவிட்டால் நானே உன் 16ஆம் தேதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போவேன். போக எனக்கு இஷ்டமில்லை. அண்ணனைக் காட்டிக்கொடுத்தாள் என்ற பேரும் எனக்குத்தான் வரும், நீ செய்தது அதில் மறந்துபோகும்.

தங்கை


மார்ச் 24

தங்கச்சி,

எழுதிவிட்டேன். மேலாளருக்கு ஒன்று, பதினைந்து மையங்களுக்கும் ஆளுக்கொன்று. நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 'எங்கள் ப்ரொஃபைலர் சாம்பிள்களின் இடைவெளியை வெட்டி எழுதியதால் நேரம் பின்தங்கியது, அதனால் எங்கள் ரிப்போர்ட் தவறான பகுதியைக் குற்றம் சாட்டியது, அந்தப் பகுதியை எழுதியவர்தான் இந்தத் தவற்றைக் கண்டுபிடித்தார்' என்று இருக்கிறது. கடைசி வரியை என் கூட்டாளி எடுக்கச் சொன்னான். எடுக்கவில்லை.

உன் வழியைப் போட்டுவிட்டேன். நாலே வரி. அதே ஒரு பைட், அதே வேகம். நாலு மணி நேரத்துக்குப் பிறகு கடிகாரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு மில்லிவினாடியின் நூறில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. பன்னிரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், அப்போதும் அவ்வளவுதான். நான் இதை யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பதினைந்தில் ஒன்பது பேர் 'பிறகு பார்க்கலாம்' என்று போன் செய்துவிட்டார்கள். நாலு பேரிடமும் சொன்னேன். கல்யாணப் பொடியன் நேராகச் சீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்தான். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீ முதல் கடிதத்தில் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் முதலில் வந்தபோது உன் பகுதி என்று பார்த்தேன். பார்த்ததும், 'ஆமாம், இவளாகத்தான் இருக்கும்' என்று மனசு சொன்னது. அத்தோடு மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வேறு யார் எழுதிய பகுதியாக இருந்தாலும் இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்திருப்பேன். என் வழக்கம் அது. மூன்று தடவை ஓடவிடாமல் யார்மேலும் கைகாட்டியது கிடையாது. உன் விஷயத்தில் மட்டும் ஒரே தடவை போதும் என்று தோன்றிவிட்டது. எழுபத்திரண்டு வினாடி புரோகிராம் செய்த தப்பு. இது நான் செய்தது.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் போன் செய்து சொன்னேன். அப்பா, "நானும்தான்டா அப்படி நெனச்சேன்" என்றார்.

திருத்திய ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறேன். உன் பெயரின் வாடையே அதில் இல்லை.

அண்ணன்


மார்ச் 31

அண்ணா,

இன்று காலை மறுபடி கூட்ட அறை. மேலாளர் உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். வாசித்து முடித்து, "மன்னிச்சுக்கோங்கம்மா, நாங்களும் விசாரிச்சிருக்கணும்" என்றார். பின்வரிசையில் இன்று யாரும் சிரிக்கவில்லை. என் இடம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கழிப்பறைக்குப் போய் ஐந்து நிமிடம் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

உன் கடிதத்தின் ஒரு பத்தியை நான் இரண்டு தடவை படித்தேன். எது என்று உனக்குத் தெரியும்.

மத்தியானம் உன் திருத்திய ரிப்போர்ட்டை எடுத்து, பெல்ட் நின்றதையொட்டி அதிக நேரத்தைத் தின்ற பகுதிகளின் பட்டியலைப் பார்த்தேன். முதலிடம், பழைய பதிவுகளை அழிக்கும் பகுதி. இரண்டாமிடம், மோட்டாரின் பதிலுக்குக் காத்திருக்கும் பகுதி. அத்தோடு முடிகிறது. உன் ரிப்போர்ட்டில் எப்போதும் ஐந்து இடம் இருக்குமே, மீதி மூன்று எங்கே? அதனால் பதிவையே திறந்து நானே எண்ணினேன். மூன்றாமிடத்தில் நான் இருக்கிறேன்.

ஒவ்வொரு பார்சலுக்கும் முகவரிப் பட்டியலைப் புதிதாகத் திறந்து மூடுகிறது என் புரோகிராம். ஒருமுறை திறந்து வைத்துக்கொண்டால் போதும். அதனால்தான் பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கி அரை நிமிடம் ஆன பிறகும் அந்தக் குவியலைப் படித்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வினாடியில் முடித்திருக்க வேண்டிய வேலை. பெல்ட் நிற்பதற்குக் காரணம் நான் இல்லை. குவியல் தீராததற்குக் காரணம் நான்தான்.

நீ இதைப் பார்த்தாய். உன் கண்ணுக்குத் தப்பாது. பார்த்துவிட்டு, 'பாவம், பட்டது போதும்' என்று பட்டியலை இரண்டோடு வெட்டிவிட்டாய். அண்ணா, அன்றைக்கு நான்தான் என்பதால் சரிபார்க்காமல் எழுதினாய். இன்றைக்கு நான்தான் என்பதால் சரிபார்த்ததை எழுதாமல் விட்டாய். இரண்டிலும் நீ பதிவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய்.

ஐந்தையும் போட்டு அனுப்பு. நான் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். சரிசெய்ய இரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.

தங்கை


ஏப்ரல் 3

தங்கச்சி,

ஐந்து இடங்களோடும் ரிப்போர்ட்டை அனுப்பியாயிற்று. உங்கள் மேலாளர் போன் செய்து, "ஏன் சார் மறுபடி மாத்தறீங்க?" என்று கேட்டார். போன தடவை வேண்டுமென்றே மூன்றை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். "உங்க குடும்பத்தோட பெரிய ரோதனையா இருக்கு" என்றார்.

மூன்றாமிடம், லேபிள் படிக்கும் பகுதி, அந்த நேரத்தில் நூற்றுக்குப் பதினாலு பங்கு. மூன்று தடவை ஓடவிட்டேன். மூன்று தடவையும் நீதான்.

அண்ணன்